பதினொன்றாம் எண் வீட்டுக்குப் போன பேனா

என் கையெழுத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. இதை அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. புதுச்சேரியில் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். பிரான்சில் பிள்ளையோ பேரனோ உள்ள குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. தேதியில் ஒரு எண் மாறினால் போதும், கோப்பு மொத்தமும் திரும்பி வந்துவிடும். விண்ணப்பித்தவர் என் வாசலில் நின்று என் பரம்பரையையே விசாரிப்பார். இருபது வருடத்தில் என்னிடமிருந்து போன கோப்பு எதுவும் எண் பிழையால் திரும்பியதில்லை. எல்லோரையும் போல நானும் கணினியில்தான் தட்டுகிறேன் என்றாலும், முதல் படியைக் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. அந்தப் படியைப் பார்த்துவிட்டு, "அச்சு மாதிரி இருக்கு மதாம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. சொல்லாதவர்களிடம் நானே நீட்டிச் சொல்ல வைத்திருக்கிறேன்.

அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பெண் என்பதால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அங்கே எழுத்து என்றால் மைப்பேனாதான். பால்பாயிண்ட் பேனாவைப் பைக்குள் பார்த்தாலே ஆசிரியை முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது என் மேசை இழுப்பறையில் இருபத்திரண்டு மைப்பேனாக்கள் இருக்கின்றன. என் கணவர் மின்துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை பேனா என்பது சட்டைப் பையில் இருக்க வேண்டிய ஒன்று, தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்றபடி நல்ல மனிதர்.

பழைய பேனா ஒன்றுக்குள் இருக்கும் ரப்பர் பை கிழிந்துபோய், மாற்றுப் பை எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாட்ஸ்அப் குழு என் கண்ணில் பட்டது. தமிழ்நாடு முழுக்க மைப்பேனாக் கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்துவது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் யார் 'ழ'வை எப்படிச் சுழிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ரப்பர் பை கிடைத்தது. நான் குழுவிலேயே தங்கிவிட்டேன்.

அங்கே கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் உண்டு. போன வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு அவர் ஒரு பேனாவின் படத்தைப் போட்டார். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கரும்பச்சை உடம்பு. பக்கவாட்டில் நகம் நீளத்துக்கு ஒரு நெம்புகோல். அதைத் தூக்கி இறக்கினால் பேனா தானே மையை உறிஞ்சிக்கொள்ளும். தங்க முள், நுனியில் கொஞ்சம் அகலமாக வெட்டப்பட்டது. அறுபது, எழுபது வயதாவது இருக்கும். அவருடைய கல்யாணத்தன்று மாமனார் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாப்பிள்ளையின் பையில் செருகிவிட்ட பேனாவாம். "இதை நான் ஒருத்தனே வெச்சு எழுதிட்டிருக்கறது பாவமுங்க. ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும். தபால்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கலாமுங்க" என்று எழுதியிருந்தார்.

பதினான்கு பேர் பெயர் கொடுத்தோம். ஆளுக்குப் பன்னிரண்டு நாள். விதிகள் மூன்று. முள்ளைத் தேய்க்கவோ வளைக்கவோ கூடாது. கூடவே வரும் நோட்டில் ஒரு பக்கமாவது எழுத வேண்டும். அடுத்தவருக்கு அனுப்பும் பொட்டலத்தின் மேல்விலாசத்தை அந்தப் பேனாவாலேயே எழுதி, படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பேனாவைக் கழுவி உள்ளே வைக்க வேண்டும். மூன்றாவது விதியைக் கொண்டுவந்தது நான். மேல்விலாசம்தானே பொட்டலத்தின் முகம், அதைக் கண்ட பேனாவால் எழுதலாமா என்று வாதாடி ஜெயித்தேன்.

என் முறை ஆறாவதாக வந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, முதல் கோடு இழுத்தவுடனேயே எனக்கு மற்ற இருபத்திரண்டு பேனாக்களின் மேலும் சலிப்பு வந்துவிட்டது. அந்த முள் தாளில் உராயவே இல்லை. கை போகும் பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் எழுதாதது எதுவுமில்லை. பாரிசில் இருக்கும் தங்கைக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். வேலை எதுவும் இல்லாத ஒரு மத்தியானத்தில் எங்கள் தெருவில் உள்ள வீடுகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி ரசித்தேன். வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனபோதும் பேனா கைப்பையில்தான் இருந்தது. மறுநாள் வஞ்சிரம் வந்தால் சொல்லச் சொல்லி மீன்காரம்மாவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன். குறித்து முடித்தும் பேனாவை மூட மனமில்லாமல் பக்கத்திலேயே சங்கரா, கெழங்கா, காலா என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மதாம், மீனு வாங்க வந்தியா, பரிச்ச எழுத வந்தியா? பின்னாடி ஆளு நிக்குது பாரு" என்றார் அவர்.

நோட்டில் என் பக்கத்தை எழுதும்போதும் அடக்கம் கைகொடுக்கவில்லை. என் எழுத்தைப் படிக்கச் சிரமப்பட்டவர் இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு வரி அதில் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. மை அழியாத மை.

எனக்கு அடுத்தவள் விருதுநகரில் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். குழுவுக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். தன்னிடம் இருப்பது ஒரே ஒரு பேனா, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்றது என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். இந்தப் பேனாவுக்காக அவள் காத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். நான் என் பக்கத்தின் படத்தைப் போட்ட அன்று, "இன்னும் எத்தனை நாள்க்கா?" என்று கேட்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பழுப்பு உறையில் அவள் விலாசத்தை எழுதினேன். அப்படி ஒரு மேல்விலாசத்தை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதவில்லை. கடைசி தடவை என்பதால் ஒவ்வோர் எழுத்திலும் கொஞ்சம் நின்று நின்று போனேன். படம் எடுத்தேன். மழையில் உறை ஊறாமல் இருக்க விலாசத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினேன். பேனாவைக் கழுவி, பஞ்சில் சுற்றி, நோட்டோடு உள்ளே வைத்துத் தபால் நிலையத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் ஊர், பின்கோடு, போன் நம்பர் எல்லாம் வாய்விட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டார். "நல்ல எழுத்து" என்றும் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

நான்காம் நாள் என் போனில் செய்தி வந்தது: பொட்டலம் பட்டுவாடா ஆகிவிட்டது. நான் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது அவள் படம் போடுவாள், எல்லோரும் என் மேல்விலாசத்தைப் பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. மாலை வரை எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன்.

"எனக்கு வரலைக்கா" என்று பதில் போட்டாள்.

ரசீதையும் பட்டுவாடாச் செய்தியையும் படமெடுத்துப் போட்டேன். "பாத்தேன்க்கா. ஆனா வரலைக்கா" என்றாள். தபால்காரரைக் கேட்கச் சொன்னோம். அந்தத் தெருவுக்கு வழக்கமாக வருபவர் விடுப்பில் இருக்கிறாராம், மாற்று ஆள் கொடுத்தேன் என்கிறாராம். கையெழுத்தும் வாங்கியிருக்கிறாராம், ஆனால் யார் கையெழுத்து என்று புரியவில்லையாம்.

கோயம்புத்தூர்க்காரர் முதலில் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். "வந்துருமுங்க, பதட்டப்படாதீங்க" என்று தினமும் ஒரு தடவை எழுதினார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அந்தத் தொனி மாறிவிட்டது. "போனாப் போகட்டும்னு சொல்லத்தான் பாக்கறேனுங்க, வாய் வரமாட்டீங்குது. மாமனார் போன வருசம்தான் தவறினாருங்க. வூட்ல இன்னும் சொல்லலை" என்று எழுதினார். அதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்து அந்தப் பேனா கடைசியாக இருந்தது என் கையில்தான். என் கையை விட்டுப் போனதும்தான் காணாமல் போனது. நான் சரியாக அனுப்பியிருக்கிறேன், ரசீது இருக்கிறது, பட்டுவாடா ஆகியிருக்கிறது. அப்படியென்றால் தப்பு யாருடையது என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை ஓடும். அன்று மத்தியானம் குழுவில், எல்லோரும் பார்க்க, இப்படி எழுதினேன்: "தபால் கிடைச்சாச்சுன்னு ரசீது சொல்லுது. கையில ஒரே ஒரு சாதாரணப் பேனா இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா வெச்சுக்கணும்னு தோணுறது சகஜம்தான். ஆனா இன்னும் ஏழு பேர் வரிசையில நிக்கிறாங்க. உரியவங்களுக்குத் திருப்பி அனுப்பிட்டா யாரும் எதுவும் கேட்க மாட்டோம்."

எவ்வளவு நாகரிகமாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. திருடி என்ற வார்த்தை அதில் இல்லையே. இதை இங்கே ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்து எழுதுவதற்குக் காரணம், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் காது சூடாகிறது என்பதுதான்.

அவள் பதில் போட ஒரு மணி நேரம் ஆனது. "எனக்கு வரலைக்கா." அவ்வளவுதான். குழுவில் சிலர் என் செய்திக்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். திருச்சியில் கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர், இனிமேல் ஒரு வருடமாவது ஆகாத உறுப்பினர்களைச் சுற்றில் சேர்க்கக் கூடாது என்று புது விதியே எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை, நான் ஒரு திருமணச் சான்றிதழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, கவர் மேல நீங்க விலாசம் எழுதினதைப் படம் எடுத்திருப்பீங்கல்ல? அதைப் போடுறீங்களா?"

எடுத்திருப்பீங்கல்லவா? அந்த விதியைக் கொண்டுவந்தவளிடமே இந்தக் கேள்வியா? உடனே தேடி எடுத்துப் போட்டேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: "குழந்தைகூடப் படிக்கும். இந்த விலாசத்துக்குப் போகாம வேற எங்க போயிருக்கும்?"

முதலில் திருச்சிப் பேராசிரியர் கேட்டார்: "குழுவின் விலாசப் பட்டியலில் கதவு எண் 11 என்றல்லவா இருக்கிறது? ஏன் 77 என்று எழுதினீர்கள்?"

"பதினொண்ணுதான் எழுதியிருக்கேன். கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க" என்றேன்.

"77 மேடம்" என்றார் இன்னொருவர். "எழுபத்தேழுதான்" என்றார் தஞ்சாவூர்க்காரர். "எனக்கும் எழுபத்தேழாத்தான் தெரியுதுங்க. பதட்டப்படாதீங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அது பதினொன்றுதான். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கணவர் காபி கலந்துகொண்டிருந்தார்.

"இது என்னா நம்பரு?"

எட்டிப் பார்த்தார். "எழுபத்தேழு."

"முப்பது வருஷம் மீட்டர் படிச்சவரு நீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"முப்பது வருஷம் மீட்டர் படிச்சதாலதான் சொல்றேன். எழுபத்தேழு."

பிறகு அவரே நிதானமாக விளக்கினார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒன்று என்ற எண்ணை வெறும் குச்சியாகப் போட விடமாட்டார்கள். கீழே இடப்பக்கம் ஆரம்பித்து, சாய்வாக மேலே ஏறி, அங்கிருந்து நேராக இறங்க வேண்டும். ஏழுக்கு நடு வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. குறுக்குக் கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. ஆறு வயதிலிருந்து என் கை அப்படித்தான் போடுகிறது. எங்கள் ஊரில் சொல்தா வீடுகளிலும் பழைய பதிவேடுகளிலும் அந்த ஒன்றை யாரும் ஏழாகப் படித்ததில்லை. என் கோப்புகளோ நேராகப் பிரெஞ்சுக்காரர்களிடம் போகிறவை. குழுவுக்கு நான் போட்ட பக்கங்களில் எண்ணே கிடையாது. விருதுநகரில் அன்று வந்த மாற்றுத் தபால்காரர் எந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கும் போனவரில்லை. குறுக்குக் கோடு இல்லாத ஏழு இரண்டு இருந்தன, எழுபத்தேழாம் எண் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அதிலும் அன்று அந்த முள்ளின் சுகத்தில், மேலேறும் கோட்டை நான் வழக்கத்தைவிட நீளமாக இழுத்திருந்தேன்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நீ எழுதிக் குடுத்த போன் நம்பருக்கு எத்தினி பேரைத் தப்பாக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கினேன்னு உனுக்குத் தெரியுமா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ என்னா சொல்லியிருப்பே?"

கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதற்குள் குழுவில் அவள் எழுதியிருந்தாள். "தினம் டாக்டருக எழுத்தைப் படிச்சு மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ நான். இது பதினொண்ணுதான். அக்கா மேலருந்து இழுக்காம கீழருந்து இழுத்திருக்காங்க. ஆனா போஸ்ட்மேன் எழுபத்தேழுன்னுதான் படிச்சிருப்பாரு. அந்த வீடு எங்க தெருக் கடைசியில இருக்கு. கடையில சொல்லிட்டு இப்பவே போய்ப் பாத்துட்டு வாரேன்." பதிமூன்று பேரில் என் ஒன்றை ஒன்றாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். திருமணச் சான்றிதழில் மணமகன் மணமகள் இருவரையும் ஒரே தேதியில் பிறக்க வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். கடைசியில் ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் என் பழுப்பு உறை, பிரிக்கப்படாமல். எழுபத்தேழாம் எண் நான்கு குடித்தனம் உள்ள வீடாம். கீழ் வீட்டுப் பெரியவர், மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு ஏதோ வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு வாங்கி மீட்டர் பெட்டி மேல் வைத்திருக்கிறார். மாடிப் பெண்ணோ தன் பெயர் இல்லாததால் தொடவில்லை. இரண்டு வாரமாக ஏறி இறங்கும் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு படம்: பஞ்சிலிருந்து எடுத்த பேனா, ஒரு கீறலும் இல்லாமல்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். கோயம்புத்தூர்க்காரர், "வூட்ல இனிமே சொல்லலாமுங்க" என்று எழுதினார். பிறகு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுபத்தேழு அக்கா என்று பெயர் வைத்தார்கள். ஒருவர், தன் மகன் கணக்கில் பதினொன்று மதிப்பெண் வாங்கியிருக்கிறான், என்னிடம் அனுப்பினால் எழுதித் தருவேனா என்று கேட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பதிலுக்குப் பதில் கிண்டலடித்தேன். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பேனா கிடைத்துவிட்டது, எல்லோரும் சிரிக்கிறார்கள், விஷயம் முடிந்தது என்று மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன்.

சாப்பிடும்போது கணவரிடம் ஒவ்வொரு கிண்டலாகப் படித்துக் காட்டினேன். அவரும் நன்றாகத்தான் சிரித்தார். பிறகு மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார், "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"அதான் எல்லாரும் சிரிச்சிட்டாங்களே."

"அந்தப் பொண்ணு சிரிச்சுதா?"

குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். பேனாவின் படத்துக்குப் பிறகு அவள் எதுவுமே எழுதியிருக்கவில்லை. இன்னும் மேலே தள்ளினேன். நான் மூன்று நாளுக்கு முன் எழுதிய செய்தி, கட்டைவிரல்களோடு, அங்கேயே இருந்தது. அழிக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் அழியும் நேரம் தாண்டிவிட்டது, உனக்கு மட்டும் வேண்டுமானால் அழித்துக்கொள் என்றது போன். எனக்கு மட்டும் அழித்து என்ன செய்வது?

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் நிறைய முன்னேற்பாடு தேவைப்பட்டது. மாலை நான்கு மணிக்கு, கடையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அவளைக் கூப்பிட்டேன். அதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை. நான் நினைத்ததைவிடச் சின்னக் குரல்.

"அக்கா! பேனா அம்புட்டு நல்லா எழுதுதுக்கா. நீங்க நோட்டுல எழுதுனதையும் படிச்சேன்" என்றாள்.

நோட்டில் நான் எழுதிய அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வேகமாகப் பேச ஆரம்பித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றை எப்படிப் போடச் சொல்வார்கள் என்று சொன்னேன். முள் அகலமாக இருந்ததால் கோடு தடித்துவிட்டதைச் சொன்னேன். செல்லோடேப் ஒட்டியதில் மை லேசாக இழுபட்டிருக்கலாம் என்றும் சொன்னேன். அது பொய். அவள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டு வந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்:

"நீங்க குரூப்புல அப்படிப் போட்ட அன்னைக்கு நான் வீடு பூராத் தேடினேன்க்கா."

எனக்குப் புரியவில்லை. "எதைம்மா?"

"பேனாவத்தான்."

"உனக்குத்தான் வரவே இல்லையேம்மா?"

"வரலைதான்க்கா. ஆனா நீங்க அம்புட்டு உறுதியாச் சொன்னீங்களா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நாமதான் வேலை அலுப்புல கையெழுத்துப் போட்டு வாங்கி எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துட்டமோன்னு. பீரோவ நகத்திப் பாத்தேன். மெத்தையத் தூக்கிப் பாத்தேன். அரிசி டின்னுக்குள்ளகூடக் கைய விட்டுப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர் திட்டுறாரு, வராத பொருளை எதுக்குத் தேடுறேன்னு."

பள்ளிக்கூடம், முள், செல்லோடேப் எல்லாவற்றையும் அதோடு விட்டுவிட்டேன். நான் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். "ஒண்ணு போட்டதைச் சொல்லலை. உன்னைப் பத்தி எழுதினதைச் சொல்றேன். உங்கிட்ட ஒரே ஒரு பேனாதான் இருக்குன்னு தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். நீ எடுத்து வெச்சுக்கினேன்னுதான் நெனைச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம் வந்தது. "இருங்கண்ணே, தாரேன்" என்றாள். பாட்டில் மேசையில் வைக்கும் சத்தம்.

"இதைக் குரூப்புலயும் எழுதிடறேம்மா" என்றேன். பரவாயில்லைக்கா, வேண்டாம் என்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்.

"எழுதுங்கக்கா" என்றாள்.

"இப்பவே எழுதறேன்."

"சரிக்கா." அவள் குரல் மாறியது. "ஆனா ஒண்ணுக்கா, நீங்க திட்டுனதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. ரெண்டு வருசமா என் கம்மல் திருகாணி ஒண்ணைக் காணோம். அன்னைக்குத் தேடும்போது பீரோவுக்கு அடியில செவுத்தோரமாக் கெடந்துச்சு. இப்ப அந்தக் கம்மலத்தான் போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்த பிறகு கை தானாக என் காதுக்குப் போனது. கம்மலின் பின்னால் விரலை வைத்துத் திருகாணியைத் தொட்டுப் பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது கண்ணில் படும் அளவுக்கு அவள் தேடியிருக்கிறாள்.